அரைப்பேர்

இக்னேசியஸ் சாருக்கு ஐம்பத்தேழு வயது. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக உடற்கல்வி நடத்துகிறார். மைதானம் என்பது தேயிலைச் சரிவில் வெட்டியெடுத்த ஒரு தட்டு. பந்து ஓரத்தைத் தாண்டினால் யாராவது இறங்கிப்போய்த் தேடி எடுத்து வருவதற்குள் பாடவேளை முடிந்துவிடும். முழங்கால் இரண்டும் வலி. இப்போதெல்லாம் அவர் ஓடிக் காட்டுவதில்லை. விசில் ஊதுவதோடு சரி.

இந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் பன்னிரண்டு கைப்பட்டிகள் அனுப்பியது. மணிக்கட்டில் கட்டினால் நெஞ்சு நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு பிள்ளையின் எண்ணையும் எழுதி அனுப்ப வேண்டும். அந்த வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

பிள்ளைகள் அதை மார்க் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"சார், எனக்கு நூத்தறுவது!" என்று கத்தினான் கிஷாந்த். "நான்தான் மொதலாம் பிள்ள! அரைப்பேருக்கு எவ்வளவுன்னு பாருங்க சார்."

எல்லாரும் சிரித்தார்கள். அரைப்பேர் என்பது ஏழாம் வகுப்புத் தனுஷிகா. மலையில் பறித்த தேயிலைக் கொழுந்து எடை குறைந்தால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போடுவார்; அதுதான் அரைப்பேர். இவள் மைதானத்தைப் பாதி சுற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பட்டம் வைத்தது பிள்ளைகள். சார் தடுக்கவில்லை, இரண்டொரு தடவை அவரும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

அவள் கையில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. இத்தனைக்கும் நடந்துதான் வந்திருந்தாள்.

"பட்டி பழுது சார்," என்றான் கிஷாந்த்.

அவரும் அப்படித்தான் நினைத்தார். கழற்றிக் கிஷாந்துக்குக் கட்டினார். அதிலும் அவனுக்கு அதே நூற்றறுபதுதான். கிஷாந்தின் பட்டியை அவளுக்குக் கட்டிப் பத்து நிமிடம் உட்கார வைத்தார். நூற்று இருபத்தாறு. இன்னும் பத்து நிமிடம். நூற்று இருபத்துநான்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நூறுக்குள் இருக்க வேண்டுமென்று பட்டி தந்தவர்கள் நடத்திய பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் உதடு வெளிறிக் கிடந்ததை அன்றைக்குத்தான் கிட்ட நின்று பார்த்தார்.

பள்ளி விட்டதும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறிப்போனார். தனுஷிகாவின் அம்மா நாகலெட்சுமி தலையிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே பிள்ளைய டவுன் ஆஸ்பத்திரியில காட்டணும்மா."

"எதுக்கு சார்? அவளுக்கு ஒரு நோயும் இல்ல. சோம்பேறித்தனம்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். போன தவணை ரிப்போட்டுல எழுதியிருந்தீங்களே. மூச்சு வாங்குதும்மான்னு வந்து நின்னுச்சு. அந்தத் தாளக் காட்டித்தான் அடிச்சேன்."

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாக்காம எழுதிட்டேன்மா. நான் எழுதுனது தப்பு. பிள்ள சொன்னதுதான் சரி."

"நல்லா சொன்னீங்க, போங்க," என்றாள் நாகலெட்சுமி. கூடைக் கயிற்றைச் சுருட்டி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்: "காலையில எத்தன மணி பஸ்சு?"

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். டாக்டர் தனுஷிகாவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கண்டியில் இதய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கடிதம் எழுதத் தொடங்கினார்.

"எவ்வளவு நாளா இப்பிடி இருக்கு?"

நாகலெட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"ஆறாம் வகுப்புக்கு வந்ததுலருந்து," என்றார் இக்னேசியஸ் சார்.