சுடுதண்ணியும் அடம்பன் இலையும்

அன்ரோனெற் ரீச்சர் அரிப்பு என்ற கரையோர ஊருக்குப் போனது அது மூன்றாம் தடவை. தோட்டவெளிப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. முழங்கால் அவ்வளவு காலம் தாங்குமா என்பதுதான் சந்தேகம். போர் முடிந்து ஐந்தாம் வருடம், ஊர் மூலிகைகளைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு துணைநூல் வேண்டுமென்று கல்விக் கந்தோரில் தீர்மானித்தார்கள். கூட்டத்தில் எல்லோரும் குனிந்திருந்தபோது இவர் நிமிர்ந்துவிட்டார். வேலை இவர் தலையில் விழுந்தது. எட்டு மாதமாகச் சனிக்கிழமைகள் பஸ்ஸிலேயே கழிந்தன.

அரிப்பில் அவர் தேடிப்போன றஞ்சிதம் கருவாடு காயப்போடுகிறவர். அந்தக் கரையில் திருக்கை முள் குத்தியவர்களை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். முதல் இரண்டு தடவையும், "வேலை கிடக்குது ரீச்சர், பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். இம்முறையும் அதையே சொல்ல வாயெடுத்தபோது, பஸ்ரியன் என்ற மீனவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பாதம் வீங்கி, நோ தாங்காமல் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார்.

மணலில் படர்ந்திருந்த அடம்பன் கொடியை றஞ்சிதம் கைநிறைய அறுத்து, அவித்து, அந்தச் சுடுதண்ணியை வாளியில் ஊற்றினார். முதலில் நல்ல காலை வைக்கச் சொன்னார். அது தாங்கிய பிறகே குத்துப்பட்ட காலை வைக்க விட்டார். அரை மணித்தியாலத்தில் பஸ்ரியன் தேத்தண்ணி கேட்டார்.

அன்ரோனெற்றால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "வெறும் சுடுதண்ணியிலயும் நோ குறையும் எண்டு படிச்சனான், றஞ்சிதம். சூட்டுக்கு அந்த நஞ்சு கெட்டுப்போகுமாம்."

"அப்ப என்ர இலை சும்மாவோ?"

"அது எனக்குத் தெரியேல்ல."

றஞ்சிதம் கோபிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"ஒரு மாரியில கொடி கிடைக்கேல்ல. வெறுந்தண்ணிதான் வச்சனான். நோ குறைஞ்சதுதான். புண் ஆறத்தான் நாள் எடுத்தது. ஆனா ஒரு ஆள்தானே, அதை வச்சு என்னத்தைச் சொல்லுறது?" கவிழ்த்த வாளியைக் காட்டினார். "நல்ல காலை ஏன் முதல்ல வைக்கச் சொல்லுறனான் தெரியுமோ? அந்த நோவில சூடு தெரியாது. என்ர மச்சான்ர காலை நான் அவிச்சுப்போட்டன், ரீச்சர். ரெண்டு மாசம் கிடந்தார். அதையும் எழுதுங்கோ."

அன்ரோனெற் எல்லாவற்றையும் எழுதினார்.

கந்தோருக்கு அனுப்பிய பிரதி மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. அடம்பன் பக்கத்தில் கொடியின் படமும் விஞ்ஞானப் பெயரும் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றதெல்லாம் சிவப்பு மையில் வெட்டப்பட்டு, ஓரத்தில் 'நிரூபிக்கப்படாதது' என்று கிடந்தது. இலையைப் பற்றி அதைத்தானே றஞ்சிதமும் சொன்னார் என்று நினைத்தபோது அன்ரோனெற்றுக்குச் சிரிக்கவும் தெம்பிருக்கவில்லை. கந்தோருக்குப் போனார்.

"சுடுதண்ணிப் பகுதியை எண்டாலும் விடுங்கோ, சேர். அது மருத்துவப் புத்தகத்திலயே இருக்கு."

"ஓம், பாப்பம் ரீச்சர்," என்ற அதிகாரி அடுத்த கோப்பை எடுத்தார். நூல் வெட்டியபடியே அச்சானது.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு அன்ரோனெற் ஒரு வாளியும் வெப்பமானியும் கொண்டுபோனார். திருக்கை முள் குத்திய காலை வைக்கத்தக்க நாற்பத்தைந்து பாகைச் சூடு எப்படியிருக்கும் என்று ஒவ்வொருவரையும் கைவைத்துப் பார்க்கச் செய்தார். றஞ்சிதத்தின் மச்சானுடைய காலைப் பற்றியும் சொன்னார். பாதிப் பேரின் தகப்பன்மார் கடலுக்குப் போகிறவர்கள்.

"ரீச்சர், இது சோதினைக்கு வருமோ?"

"வராது. எழுதுங்கோ."

கால் நிற்க மறுத்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்.