பனிக்கடலில் விழுந்த பதினான்கு குழாய்கள்

டில்லி முனிர்காவில் நான் சமைக்கும் ஆபீஸ் இரண்டே அறை. அங்கே இரண்டு பெண்கள் தெருக்குழாய்களையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைபடமாகச் சேர்க்கிறார்கள். சின்னவள் கோயம்புத்தூர்ப் பக்கம். பெரியவள் ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். நான் ஐந்தாவதோடு நின்றவள், அதிகம் பேசமாட்டேன்.

எங்கள் சந்தில் குழாய்களைக் குறித்துவர என்னிடம் ஒரு போனைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழாய் முன்னும் நின்று, தண்ணீர் வருகிறதா இல்லையா என்று பொத்தானை அழுத்தவேண்டும். பதினான்கு குழாய், ஒன்பதில் காற்றுதான் வரும். எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூச்சத்தோடு அழுத்திவந்தேன். இந்தப் படத்தை வைத்துத்தான் எந்தச் சந்துக்குத் தண்ணீர் லாரி என்று முடிவாகும் என்றார்கள்.

விவரங்களைப் போட்டுவைக்க டேட்டாபேஸ் என்று ஒன்று வேண்டுமாம். இரண்டு இருந்தன, இரண்டும் இலவசம். முகம் தெரியாத பலபேர் எழுதித் திறந்து வைத்திருக்கிறார்களாம்; யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் கொடுக்கலாம். குருத்வாராவில் யாரும் சாப்பிடலாம், யாரும் சப்பாத்தி தேய்க்கலாம், அதைப் போல. இப்படியும் மனிதர்களா என்று மலைத்துப்போனேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லாரி போகவேண்டிய வீடுகளின் பட்டியல் அனுப்பவேண்டும். ஊரின் வீடுகளெல்லாம் இரண்டிலும் ஏற்கெனவே இருந்தன. குழாய்களில் முதலில் ஏற்றியது எங்கள் சந்தின் குழாய்களைத்தான். அவை எங்கே என்று இரண்டிடமும் கேட்டார்கள். முதலாவது சரியாகச் சொன்னது, ஆனால் டீ கொதிக்கும் நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது சட்டென்று, அந்தச் சந்தில் குழாயே இல்லை என்றது. படத்தைத் தேடினால் பதினான்கு புள்ளியும் உலகத்தின் உச்சியில், பனிக்கடலில் கிடந்தன.

"அச்சா! கரடிக்கு டாங்கர் அனுப்பலாம்," என்றாள் பெரியவள். "இது பேக்கார். தூக்கிப் போடு, ஜல்தி."

"ஏனுங்க்கா, மொதலாவது ஒரு சந்துக்கே இப்படி மூச்சு வாங்குது. டில்லி மொத்தத்துக்கும் தாங்குமுங்களா?" என்றாள் சின்னவள்.

முதலாவது என் தப்பைப் பொறுத்துக்கொண்டது, இரண்டாவது கறாரானது என்று நினைத்தேன். என்னால் நல்லதொன்று குப்பைக்குப் போகிறதே.

"பாப்பா, அது மேல தப்பில்ல. நான்தான் தெரியாம அழுத்திட்டேன்."

"அட, நீங்க வேறங்கம்மா! வாங்க, நீங்க அழுத்தினதையே பாத்துப்போடலாம்."

சின்னவள் என் முதல் குழாயைத் திறந்தாள். இரண்டு எண்கள். இருபத்தெட்டு, பிறகு எழுபத்தேழு. அவள் விரல் அங்கேயே நின்றது. போன் வடக்கு எவ்வளவு என்று முதலில் சொல்கிறது; முதலாவது டேட்டாபேஸும் அப்படியே கேட்கிறது. இரண்டாவது டேட்டாபேஸ் கிழக்கு எவ்வளவு என்று முதலில் கேட்கிறது. மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

"இதுல போட்டது யாருங்க்கா?"

"அரே, நான்தான். சாரி ஆண்ட்டி, நீங்க ஃபர்ஸ்ட் கிளாஸா அழுத்தியிருக்கீங்க."

"அப்பக் கரடிக்கு டாங்கர் அனுப்பினது நீங்கதானுங்க!"

நான் டீக்குத் தண்ணீர் வைத்தேன். எண்களை மாற்றிப் போட்டதும் புள்ளிகள் பனியைவிட்டு எங்கள் சந்துக்கு வந்து உட்கார்ந்தன. பால்காரர் வீட்டுத் திருப்பத்தில் சுவரோரமாக ஒதுங்கி நின்று அழுத்தினேனே, அந்தச் சுவரோரத்திலேயே ஒரு புள்ளி. நான் நின்ற இடம் அதற்குத் தெரிந்திருக்கிறது!

பக்கத்தில் தண்ணீர் வரும் குழாய் இல்லாத வீடுகள் எவை என்று அந்த இரண்டாவதிடம் கேட்டார்கள். சட்டென்று அந்த வீடுகள் படத்தில் சிவப்பாக எரிந்தன. சந்தின் கோடியில் என் வீடும்.

"இதுவேதான்," என்றாள் பெரியவள். பட்டியல் போனது. அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.