சின்னவள் தட்டிய இரண்டு தட்டு

ஊர் முழுக்க என் தங்கையை "உருக்கோட ஆளு" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்தவள் அவள். லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கி, கிரீஸிலும் தூசியிலும் புரண்டு, இந்த ஊர் சனத்தையெல்லாம் பத்திரமாக ஏற்றி இறக்கியவள். அவளை யாரோ ஒருத்தனுடைய ஆள் என்று சொல்ல இவர்கள் யார்? நியாயமாகப் பார்த்தால் அவன்தான் அவளுடைய ஆள். இதைச் சொன்னால் "அக்காவுக்குப் பொறாமை" என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு மேலே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பெரியவள், அவள் சின்னவள். ஒரே கம்பெனி, ஒரே ஜோடி. நான் மொட்டைமாடி மெஷின் ரூமில் நிற்பேன். அவள் ஒல்லிப்பிச்சான், அதனால் கீழே குழிக்குள் இறங்குவாள். உள்ளே இருந்துகொண்டு கண்டபடி பாடுவாள். பதினோரு மாடி உயரத்துக்கு அந்தக் கர்ண கொடூரம் மெஷின் ரூம் தரையில் கயிறு இறங்கும் கயிற்றோட்டை வழியாக ஏறி என் காதில் விழும். ஆனால் வேலையில் மட்டும் விளையாட மாட்டாள்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கரண்ட்டை அணைத்துவிட்டு, கயிற்றுச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிரேக்கை நான் கையால் திறக்க வேண்டியிருந்தால், மேலிருந்து குழிவரை நீளும், பெட்டி ஓடுகிற தண்டவாளக் கம்பியில் முதலில் மூன்று தட்டு தட்டுவேன். 'திறக்கவா' என்று அர்த்தம். அவள் குழியை விட்டு வெளியே ஏறி நின்று, வாசலிலிருந்து கையை நீட்டி இரண்டு தட்டு தட்டுவாள். 'நான் வெளியே வந்துவிட்டேன், திற' என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் 'நிறுத்து.' கத்திச் சொன்னால் எதிரொலியில் ஒன்று இன்னொன்றாகக் கேட்கும், தட்டு மாறாது. ஒன்பது வருஷத்தில் ஒரு தட்டுகூட அவள் தப்பாகத் தட்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் என்றால் வெறும் பெட்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதே கயிற்றின் மறுமுனையில், பின்சுவரை ஒட்டி, இரும்புப் பாளங்களை அடுக்கிய எடை ஒன்று தொங்குகிறது. நாங்கள் 'வெயிட்' என்போம். பெட்டி ஏறினால் அது இறங்கும். காலிப் பெட்டியைவிட அது கனம். அதனால் பிரேக்கை விட்டால் காலிப் பெட்டி கீழே விழாது, மேலே போகும். வெயிட்தான் கீழே வரும். சொன்னால் பத்தில் ஒன்பது பேர் நம்ப மாட்டார்கள்.

இனி அவன் கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால், நாங்கள் 'கிழவி' என்று கூப்பிடும் ஒரு பழைய லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றுபோனது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி. நாங்கள் போய்ச் சேருவதற்குள், முகத்தில் கறுப்புத் துணி கட்டியவன் ஒருத்தன் வந்து கதவைக் காகிதம்போலக் கிழித்து அவளைத் தூக்கி வெளியே விட்டிருந்தான். ஊர் 'உருக்கு' என்று கொண்டாடுகிற அதே ஆள். கத்தியால் குத்தினாலும் சுட்டாலும் ஏறாத உடம்பு. கூட்டமெல்லாம் கைதட்டுகிறது. என் தங்கை கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாதா? சாவி போட்டா திறக்கிற கதவை இப்படிக் கிழிச்சு வச்சிருக்கீங்களே! இதை யாரு மாட்டுவா, உங்க அப்பாவா?"

மறுநாள் துணி கட்டாத முகத்தோடு ஒருத்தன் புதுக் கதவைத் தோளில் சுமந்து ஏழு மாடி ஏறி வந்தான். "நான் ரெண்டு தெரு தள்ளி மெத்தைக் கடை வச்சிருக்கேங்க. நேத்து பிச்சது நான்தான்" என்றான். ஊரே தலைகீழாக நின்று தேடிய ரகசியத்தை, ஒரு திட்டு வாங்கியதற்காக இவளிடம் கொட்டிவிட்டான். பைத்தியக்காரன்! அன்றிலிருந்து நான் அவனுக்கு வைத்த பெயர் மெத்தை.

அதற்கப்புறம் தினமும் பதினோரு மணிக்கு பிளாஸ்கில் டீ வந்தது. எனக்கு ஆரம்பத்தில் அவனைக் கண்டாலே ஆகாது. "அடிச்சா வலிக்காதவன் மேல உனக்கென்னடி இவ்வளவு கரிசனம்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"வலிக்கலைன்னா அடிபட்டதே தெரியாதுக்கா. யாராவது பார்த்துச் சொல்லணும்ல" என்றாள்.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவனை உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் விடுவாள். மூச்சுதான் அவனுடைய ஒரே பலவீனம். ஒரு தீ விபத்தில் புகை ஏறி மயங்கி விழுந்ததை ஊரே பார்த்தது. பார்த்தவர்களில் ஆணிக்காரனும் ஒருத்தன்.

அந்தப் பாவியைப் பற்றிச் சொல்லவே நாக்கு கூசுகிறது. கையை நீட்டினால் அந்தத் திசையில் இருக்கிற இரும்பெல்லாம் அவனிடம் பாய்ந்து வரும். இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால் ஆணிப்பெட்டியை எட்ட வைத்துவிட்டு, நடுவில் ஆட்களை நிறுத்தி இழுப்பான். பேருந்து நிலையத்தில் அப்படிப் பதினான்கு பேரைக் கொன்றான். கடைசியில் மெத்தை அவனுடைய தாடையை உடைத்தான். கோணின வாயோடு தப்பி ஓடியவன், மெத்தை யாருக்கு டீ கொண்டுபோகிறான் என்று மோப்பம் பிடித்துவிட்டான்.

அன்றைக்குக் காலை பத்து மணி. கிழவிக்கு வருஷாந்திர வேலை. பெட்டியை மூன்றாவது மாடியில் நிறுத்தியிருந்தோம். வெயிட் ஒன்பதாவது மாடி உயரத்தில் தொங்கியது. கரண்ட்டை அணைத்துவிட்டு நான் பிரேக் லீவரை மாட்டிக்கொண்டிருந்தேன். குழிக்குள் அவள் தண்டவாளத்தைத் துடைத்தபடி பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு நின்றது. வாட்ச்மேனின் அலறல் ஒன்று கேட்டு, பாதியில் அறுந்தது.

"அண்ணே? வாட்ச்மேன் அண்ணே?" என்று அவள் கூப்பிட்டாள். பதிலுக்கு ஒரு கோணல் குரல், "உன் அண்ணன் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கான்" என்றது. குழிக்குள் யாரோ குதிக்கிற சத்தம்.

கயிற்றோட்டையில் காதை வைத்தேன். அவளுடைய தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தண்டவாளத்தில் அடித்தான். அந்தச் சத்தம் கம்பி வழியாக ஏறி வந்து என் காலடியில் அதிர்ந்தது. "அவனைக் கூப்பிடுடி!"

"எவனை?" என்றாள்.

மறுபடி அடித்தான். இரண்டு பல் அப்போது போனதுதான். பிறகு அவள் தொடையில் ஆணி இறங்கியது. அவள் கத்திய கத்தல் பதினோரு மாடிக்கும் கேட்டது. ஆனாலும் அவனைக் கூப்பிடவில்லை. "அவன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல" என்று அழுதுகொண்டே நக்கல் பேசுகிறாள். திமிர் பிடித்தவள்!

நான் கூப்பிட்டேன். ஆமாம், நான்தான். போலீஸுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மெத்தைக்குப் போட்டேன். "சின்னவளைக் கொல்றான்டா" என்று மட்டும் சொன்னேன். இதற்குத்தான் ஆணிக்காரன் காத்திருக்கிறான் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் போட்டேன். என் தங்கை எனக்கு முக்கியம்.

நாலு நிமிஷத்தில் வந்துவிட்டான். முகத்தில் துணி கட்டக்கூட நேரமில்லை. கீழே கட்டடமே குலுங்கியது. வாசல் கிரில் பிய்ந்து பறக்கிற சத்தம், கண்ணாடி நொறுங்கும் சத்தம், எலும்பு முறியும் சத்தம். முறிந்தது ஆணிக்காரனின் தோள்பட்டை என்று பின்னால் தெரிந்தது. அடி வாங்கிக்கொண்டே அந்தச் சண்டாளன் மெத்தையைக் குழிக்குள் இழுத்துக்கொண்டு விழுந்தான். பின்சுவர் ஓரத்தில், வெயிட் இறங்கும் பாதைக்குள் யாரும் போகாமல் இருக்க ஒரு கம்பித்தட்டி அடித்திருக்கும். தட்டியின் ஓரமாக உள்ளே புகுந்து, மெத்தையையும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பின்சுவரோடு சாய்ந்து நின்று அந்தத் தட்டியை இழுத்தான். அது பெயர்ந்து வந்து மெத்தையின் கழுத்தைச் சுற்றி நெரித்தது.

உடம்பு உருக்காக இருந்தென்ன, மூச்சு விடத்தானே வேண்டும். மெத்தையின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடினேன். அதற்குள் கீழேயிருந்து அவளுடைய குரல் வந்தது. "அக்கா! எங்கயும் போகாத! தட்டி பிஞ்சிருச்சு! பிரேக்ல கை வை!"

ஆணிக்காரன் சிரித்தான். "மேல அக்காகாரி இருக்காளா? விடச் சொல்லு. லிஃப்ட் உன் தலையிலயும் சேர்த்துத்தான் விழும்."

எனக்கு அவள் கணக்கு சட்டென்று புரிந்தது. தட்டியைப் பிய்த்துவிட்டு, அந்த மூடன் நிற்பது வெயிட்டின் பாதையில். மெத்தை கிடப்பதும் அங்கேதான். வெயிட் விழுந்தால் மெத்தை சாக மாட்டான், மூச்சு நின்றால் செத்துவிடுவான். சரி. ஆனால் அவள்?

லீவரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கம்பியில் மூன்று தட்டு தட்டினேன். வெளியே ஏறிவிடடி, ஏறிவிடடி என்று வாய்விட்டுப் புலம்பினேன். கீழே மெத்தையின் மூச்சிழுப்பு அடங்கிக்கொண்டே வந்தது.

இரண்டு தட்டு வந்தது. அவசரமே இல்லாத, வழக்கமான இரண்டு தட்டு. ஸ்பேனரால் தட்டியிருந்தால் அவன் இழுத்திருப்பான். தண்டவாளத்தில் வடு விழாமல் தட்ட வைத்திருக்கும் பித்தளைச் சுத்தியால் தட்டியிருக்கிறாள். அது அவன் கைக்கு அசையாது.

வெளியே வந்துவிட்டாள். பிரேக்கை முழுசாகத் திறந்தேன். அப்படி ஒருநாளும் திறந்ததில்லை, விரற்கடை விரற்கடையாகத்தான் திறப்போம். சக்கரம் ஊளையிட்டது. கயிறு என் முகத்துக்கு நேரே புகைந்துகொண்டு ஓடியது.

கீழே ஆணிக்காரன் அண்ணாந்து பார்த்தானாம். பெட்டி மேலே போகிறது. "ஏ, மேல போகுதுடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தானாம். தலைக்கு நேரே சத்தம் கேட்டுப் பார்வையைத் திருப்பியபோது வெயிட் இரண்டாவது மாடியைத் தாண்டியிருந்தது. பயத்தில் எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். உடைந்த தோளையும் மறந்து, தடுக்கிறமாதிரி இரண்டு கையையும் மேலே நீட்டினான். அவன் கை நீட்டினால் இரும்பு வரும். வந்தது.

கட்டடம் முழுக்க ஒரே இடி. தூசி கயிற்றோட்டை வழியாக மேலே வந்தது. நான் மூன்று தட்டு தட்டினேன். பதில் இல்லை. மறுபடி மூன்று. பதில் இல்லை.

அப்புறம் மெத்தை அலறினான். வலி என்றால் என்னவென்றே தெரியாதவன், "அக்கா! அக்கா!" என்று குழந்தை மாதிரி அலறினான். பதினோரு மாடியை எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

ஆணிக்காரனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்கிறமாதிரி எதுவும் மிஞ்சவில்லை. கழுத்தில் பிய்ந்த கம்பிகளோடு மெத்தை நாலுகாலில் நின்று, அத்தனை பாளத்தையும் முதுகால் தூக்கிப் பிடித்திருந்தான். அதன் விளிம்பில் என் தங்கை கிடந்தாள். இடது கையில் பித்தளைச் சுத்தி. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அந்த வலது கையால் ஆணிக்காரனின் இடுப்பு பெல்ட்டைக் கடைசிவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவன் ஒரு எட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று.

அவள் வெளியே வரவே இல்லை. குழிக்குள் நின்றபடியே இரண்டு தட்டு தட்டியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள்தான் பேசினாள். கட்டிலுக்கு ஒருபக்கம் மெத்தை, கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தான். நான் அவள் பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் சண்டைக்குப் போனேன்.

"பொய் தட்டிட்டியேடி! என் கையாலயே உன் கையை வாங்க வச்சுட்டியே! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

பல் போன வாயால் மெதுவாகக் கேட்டாள். "உண்மையைத் தட்டியிருந்தா நீ திறந்திருப்பியா?"

திறந்திருக்க மாட்டேன். மெத்தை செத்திருப்பான். அப்புறம் அவளையும் விட்டிருக்க மாட்டான் அந்தப் பாவி. எல்லாம் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? அந்த லீவர் என் உள்ளங்கையில் அழுத்தின இடம் இன்னும் வலிக்கிறது.

ஏழு மாதம் கழித்துக் கல்யாணப் பதிவேட்டில் இடது கையால் கோழி கிளறினமாதிரி கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இப்போது அவனை மெத்தை என்று கூப்பிடுவதில்லை, மாப்பிள்ளை என்கிறேன். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது அவன்தான். கோணல் வகிடு. அவளும் அதோடு வேலைக்கு வந்துவிடுகிறாள்.

ஆமாம், வேலைக்குத்தான். மேலே நில் என்றால் கேட்கிறாளா? ஒற்றைக் கையோடு ஏணியில் இறங்கிக் குழிக்குள் நின்றுகொண்டு பாடுகிறாள். அவளை மாற்ற யாரால் முடியும்?

நேற்று கிழவியின் குழியில் இருந்தாள். நான் மேலேயிருந்து மூன்று தட்டினேன். இரண்டு தட்டு வந்தது. லீவரை வைத்துவிட்டு, பதினோரு மாடி படியிறங்கிப் போனேன். வாசலில் சுத்தியோடு நின்றுகொண்டிருந்தாள். குழி காலி. என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"தினமும் இதே கூத்தா? ஒன்பது வருஷம் நம்பினல்ல, இப்ப என்னக்கா?"

"ஒன்பது வருஷம் நம்பினேன்டி" என்றேன். "இனிமே பார்த்துட்டுத்தான் திறப்பேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி பதினோரு மாடி ஏறிப்போய், பிரேக்கில் கை வைத்தேன்.