ஆறுமணிக்குருவியும் துரையின் கடிதமும்

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முன்னறை ஜன்னல் கண்ணாடியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் சத்தம் கேட்டால் கலவரங்களைப் பார்த்த எங்கள் வயதுக்காரர்களுக்கு முதலில் கல்தான் ஞாபகம் வரும். வாயில் நுரையோடு மெதுவாக எட்டிப் பார்த்தால், வாசல் சீமெந்தில் ஓர் ஆறுமணிக்குருவி மல்லாந்து கிடந்தது.

இது கேகாலை டவுனில், பஸ் சத்தம் ஓயாத எங்கள் வீட்டில். குருவிக்கு உயிர் இருந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. முதுகில் பச்சை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, வாலுக்கடியில் செக்கச்செவேலென்று சிவப்பு. கடவுள் மிச்சமிருந்த சாயத்தையெல்லாம் இதன் மேல் கொட்டிவிட்டார் என்று தோட்டத்து நாட்களில் செல்வம் சொல்லுவான். மகள் ஓடிப்போய் தன் புதுச் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்தாள். குருவியை உள்ளே வைக்கக் குனிந்தேன். பெட்டிக்குள்ளிருந்து ரப்பர் வாடை குப்பென்று அடித்தது.

அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

செல்வத்தின் கையில் எப்போதும் அந்த வாடைதான். அவன் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, நான் சின்னக் கிளாக்கராக இருந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. ஆனாலும் அவன் என்னை ‘ஐயா’ என்பான், நான் அவனை ‘நீ’ என்பேன். ஆபீஸில் மேசை கிடைத்துவிட்டால் இருபத்துநாலு வயதிலேயே ஒருவன் ஐயாவாகிவிடலாம். நானும் கூச்சமில்லாமல் அதை வாங்கிக்கொண்டேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது குருவிதான். வெள்ளாப்பில் மரத்தில் கத்தி போட்டுச் சிரட்டையைத் திருப்பி வைக்கும்போது, காய்ந்த ரப்பர் இலைக்குள் தத்தித் தத்தி இதுதான் புழு கிளறும். காலை ஆறுக்கு ஒரு கூப்பாடு, மாலை ஆறுக்கு ஒரு கூப்பாடு. சிங்கள ஆட்கள் அவிச்சியா என்பார்கள். ஐப்பசியில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும், சித்திரைக்குள் திரும்பிப் போய்விடும். முதல் சத்தம் கேட்ட அன்று செல்வம் பால் வாளியோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, “ஐயா, வந்திருச்சு” என்பான். நான் தேதியைக் குறித்துக்கொள்வேன். ஆபீஸ் அலுமாரியில் பழைய துரை ஒருவர் விட்டுப்போன தூரக்கண்ணாடி கிடந்தது. இடது பக்கத்தில் பூஞ்சணம் பிடித்து வலது கண்ணுக்கு மட்டும் தெரியும். அந்த ஒற்றைக்கண்ணை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மலையெல்லாம் அலைந்தோம். யார் அதிக நேரம் பார்ப்பது என்று சண்டை வேறு.

செல்வத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு அவன் குடும்பம் வவுனியாவுக்குப் போய்விட்டது. அங்கேதான் வளர்ந்தான், அங்கேதான் அடையாள அட்டை எடுத்தான். அட்டையில் பெயர் செல்வராஜா, விலாசம் வவுனியா. சண்டை முற்றியபோது தாயை அங்கே விட்டுவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே தனியாகத் திரும்பி வந்தான். வடக்கிலிருந்து வந்தவனைப் புதிதாகப் பதியத் தோட்டத்தை நடத்தும் துரை பயப்படுவார். அவனுடைய சித்தப்பா மகன் மாரிமுத்து கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தான். செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப்புத்தகத்தில், அவனுடைய நம்பர் சும்மா கிடந்தது. “நம்பரு காலியாத்தானே இருக்கு, அதுல நில்லு” என்று கங்காணி நிறுத்திவிட்டார். ஆக, ஊருக்குச் செல்வம், அட்டையில் செல்வராஜா, பேர்ப்புத்தகத்தில் மாரிமுத்து. யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பேர், ரோலில் ஒரு பேர். தினமும் அந்தப் பேர்களை எழுதிய எனக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசிக் கடைசி. “இதுக கடலத் தாண்டி வந்து மொதல்ல எங்கங்க எறங்குது? ஒரு தடவ பாத்துட்டு வந்துருவமா?” என்றான் செல்வம். எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. புளத்கொகுபிட்டியவில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் மச்சான் வீடு புத்தளத்தில், கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கும் களப்போரம் இருந்தது. தங்க இடம் ஆயிற்று. நாட்டு நிலைமைதான் சரியில்லை. எங்கேயோ குண்டு வெடித்தால் இங்கே பஸ்ஸிலிருந்து நம்மை இறக்குவார்கள்.

அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. தோட்டத்தில் எதற்கும் துண்டுக் கடதாசி வேண்டும். மருந்தெடுக்கத் துண்டு, லீவுக்குத் துண்டு, மாட்டுக்குப் புல் அறுக்கவும் துண்டு. துரை கையெழுத்துப் போட்ட துண்டு இருந்தால் எமலோகத்திலும் கேட்டைத் திறந்துவிடுவார்கள் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆபீஸ் டைப்ரைட்டரில் இங்கிலீஷில் ஒரு கடிதம் அடித்தேன். இந்த இருவரும் எமது தோட்ட ஊழியர்கள், பறவை பார்க்கக் கடற்கரைக்குப் போகிறார்கள், கையில் ஒரு தூரக்கண்ணாடி இருக்கிறது என்று. துரை படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தோட்டத்துச் சீல் குத்தினது நானேதான்.

கேகாலை பஸ் நிலையத்தில் குருநாகல் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என் இங்கிலீஷை நானே ரசிக்கலாமென்று கடிதத்தை எடுத்தேன். முதல் பேர் என்னுடையது. இரண்டாவது பேர், கே. மாரிமுத்து.

கை பழக்கத்தில் ரோலைப் பார்த்து அடித்திருக்கிறது. அவன் அட்டையிலோ செல்வராஜா. திரும்பிப் போய் மாற்றினால் ஒரு நாள் போய்விடும். செல்வராஜா என்று அடித்தால் அது யாரென்று துரை கேட்பார். கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை, அவ்வளவு அழகான கடிதம். “என்னங்கய்யா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றான் செல்வம். “ஒண்ணுமில்ல, வெயில்” என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

போகும்போது மூன்று இடத்தில் இறக்கினார்கள். மூன்று இடத்திலும் அட்டையைப் பார்த்து, செல்வத்தை மட்டும் கொஞ்சம் அதிகம் கேட்டுவிட்டு விட்டார்கள். சிங்களத்தில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். கடிதத்தை யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

களப்போரத்து வீட்டில் நானாவின் தங்கச்சி மீன் ஆணமும் சோறும் போட்டார். கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “தம்பி, அத கடல் பக்கம் மட்டும் நீட்ட வாணாம். நேவிக்காரன் பாத்துக்கிட்டிருப்பான்” என்றார். அதனால் கண்ணாடியைக் களப்புப் பக்கமே திருப்பிவைத்துப் பார்த்தோம். ஆனாலும் என்ன காட்சி அது! வற்றின சேற்றில் உள்ளான்கள் நூறு நூறாக ஓடின. ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போயின. மின்கம்பி முழுக்கப் பஞ்சுருட்டான்கள். மலைநாட்டில் பிறந்து, இத்தனை இறக்கையை ஒரே இடத்தில் பார்த்ததேயில்லாத இரண்டு பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

இரண்டாம் நாள் காலையில் கடற்கரையில், கவிழ்த்துவைத்த வள்ளத்துக்கு அடியில் அதைப் பார்த்தோம். ஆறுமணிக்குருவி. அப்போதுதான் கடலைத் தாண்டி வந்திருக்கவேண்டும். இறக்கை தொங்கிப்போய் நிற்கவே முடியாமல் இருந்தது. நாலு காகங்கள் வள்ளத்தின் மேல் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி இன்னொன்றின் பச்சைச் சிறகுகள் மட்டும் மணலில் கிடந்தன. செல்வம் சட்டையைக் கழற்றி வள்ளத்தின் வாயில் தொங்கவிட்டு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். காகங்கள் சலித்துப்போய்ப் பறந்தன. பிறகு அது தத்தித் தத்திப் புதருக்குள் போனது.

“பறக்கறப்ப ஒண்ணுமில்லங்கய்யா. எறங்குற எடத்துலதான் ஆபத்து” என்றான் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டே.

அன்று பகலே திரும்பினோம். வழியில் ஒரு தடைமுகாம், பேர் எதற்கு. முந்தின நாள் எங்கேயோ வெடித்திருந்தது. எல்லோரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டார்கள். செல்வத்தின் அட்டையை வாங்கிய சிப்பாய் எங்கள் வயதுக்காரன்தான். வவுனியாவா, இங்கே என்ன வேலை என்று கேட்டான். கேகாலைப் பக்கம் பால் வெட்டுகிறேன் மாத்தயா, இரண்டு நாள் லீவில் வந்தேன் என்று செல்வம் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னான். சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினான். நீட்டியே விட்டான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என் பையிலிருக்கும் தூரக்கண்ணாடி அடுத்து அகப்படுமே என்ற பயத்தில், யாரும் கேட்காமலே துரையின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். சிப்பாய்க்கு இங்கிலீஷ் வராது. உள்ளே கொண்டுபோய் ஓர் அதிகாரியிடம் கொடுத்தான். அதிகாரி கடிதத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மே மாரிமுத்து கௌத?”

யார் இந்த மாரிமுத்து. செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமில்லை, ஒன்றும் புரியாத பார்வை. அதிகாரி அவனை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார். கிளாக்கர் என்று கடிதத்தில் இருந்தது நான்தானே. உன்னோடு வந்த இந்த ஆளின் பேர் என்ன?

செல்வராஜா என்றால் என் கடிதம் பொய். சீலும் நான் குத்தினது, வேலையும் போகும், நானும் உள்ளே போவேன். மாரிமுத்து என்றால் அவன் அட்டை பொய். இதையெல்லாம் அந்த இரண்டு நொடியில் யோசித்தேனா, அல்லது பயத்தில் நாக்கு தானாகப் புரண்டதா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசித்தேன். அதுதான் உண்மை.

“மாரிமுத்து” என்றேன்.

தோட்டத்துக்கு டெலிபோன் போட்டார்கள். துரை பாவம், நல்ல மனிதர். மாரிமுத்து எங்கள் ஆள்தான், அஞ்சாறு வருஷமாக வேலை செய்கிறான் என்று உறுதியாகச் சொன்னார். அந்த நல்ல வார்த்தையோடு செல்வத்தின் கதை முடிந்தது. அடுத்தவன் அட்டையோடு திரியும் வவுனியாக்காரன் என்றாகிவிட்டான். பின்னேரம் என்னை மட்டும் விட்டார்கள். தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டார்கள்.

அவன் வெளியே வரப் பதினாலு மாதம் ஆயிற்று. துரையும் கங்காணியும் கோயில்காரர்களும் அலைந்தார்கள். நானும் அலைந்தேன், பேரைச் சொன்ன வாயால் எல்லாரிடமும் கெஞ்சினேன். இதற்கிடையில் செக்ரோலில் மாரிமுத்து என்ற பேரை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டது நான்தான்.

வந்தவன் இளைத்துக் கறுத்திருந்தான். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். இடது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய பால்வெட்டுக் கத்தியை இனிப் பிடிக்க முடியாது. அவன் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நீங்க என்னா செய்வீங்க ஐயா, கடதாசில அப்படித்தானே இருந்திச்சு” என்றான்.

அது என்னைச் சமாதானப்படுத்தவா, குத்தவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரமே தாய் இருந்த பக்கம், வன்னிக்குப் போய்விட்டான். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு தபாலட்டை மட்டும் வரும். சில வருஷம் தை மாதத்தில்தான் வந்து சேரும். ஒரே வரி: “ஐயா, வந்திருச்சு.” கீழே முழுப் பேர், செல்வராஜா என்று, ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக. முதல் அட்டையில் அந்தப் பேரைப் பார்த்தபோது நான் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சண்டை மறுபடி மூண்டு வடக்குப் பாதை மூடின பிறகு தபாலட்டை வருவது நின்றது.

சண்டை ஓய்ந்து முகாம்கள் நிறைந்திருந்த காலத்தில் வடக்கே போனேன். ஆட்களைத் தேடி வருகிறவர்களுக்காக ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை தலையைத் தூக்காமல், “பேர்?” என்றது. செல்வராஜா என்றேன், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. விரலை வைத்துத் தாள் தாளாகப் பார்த்தது. அவன் வயதில் அந்தப் பேரில் யாருமில்லை. “வேற பேர் ஏதாச்சும் இருந்திச்சா?” என்று கேட்டது. பயந்துபோய் மாரிமுத்து என்ற பேரைக் கொடுத்திருப்பானோ என்று அதையும் சொன்னேன். அதிலும் அவன் இல்லை.

பெட்டிக்குள் வைத்த குருவி பின்னேரம் வரை அசையவில்லை. ஆறு மணியாகும்போது உள்ளே சுரண்டும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தேன். ஒரு தத்துத் தத்தி விளிம்பில் நின்றது, பிறகு பக்கத்து வீட்டுப் பலா மரத்துக்குள் போய் ஒரு கூப்பாடு போட்டது. “வந்திருச்சு” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்த மலையில் இப்போது ரப்பர் இல்லை. மரத்தையெல்லாம் விறகுக்குத் தறித்துவிட்டார்கள். டைப்ரைட்டரும் பேர்ப்புத்தகமும் எங்கே போயினவோ. புத்தளம் பாதையில் தடைமுகாம் இருந்த இடத்தில் ஒருவர் செவ்விளநீர் விற்கிறார். போன வருஷம் பஸ்ஸை விட்டு அங்கே இறங்கி, இளநீரை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அந்த இடத்தில் வைத்து என்னிடம் கேட்டால், அவன் பேரைச் சரியாகச் சொல்லுவேன்.