ஈ வராத இடம்

கருவாடு விற்பவர்களுக்கு மழையைவிட ஈயைக் கண்டால்தான் பயம். ஈ உட்கார்ந்தால் புழு. புழு வைத்தால் கூடையோடு கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் என் அக்கா ஆந்திரா எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளின் பின்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

எழுபதுகளின் கடைசி. அவள் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, பழவேற்காட்டிலிருந்து பஸ் மாறி அங்கே போய் விற்றாள். கூடை தூக்க நானும் கூடப் போவேன். சோதனைக்கு நிற்கிற டிரைவர்கள் எஞ்சினை நிறுத்தவே மாட்டார்கள். கேட்டால், "நிறுத்தினா மறுபடி தள்ளி வுட நீ வருவியா?" என்பார்கள். கறுப்புப் புகை வந்து கூடைமேல் கவிழும்போது அக்காவுக்குச் சிரிப்பு.

"பாருடி, ஒரு ஈ கிட்ட வருதா? வேப்பந்தழை மிச்சம்."

வீட்டில் வேப்பந்தழையைக் கொளுத்தித்தான் ஈயை விரட்டுவோம். எல்லாம் புகைதானே என்று நானும் நம்பினேன்.

முதலில் கெட்டது வியாபாரம். வாடிக்கையாக வாங்கும் மெட்ராஸ் டிரைவர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இன்னாம்மா, கொழம்பு வச்சா டீசல் டேங்க்ல கைய வுட்ட மாதிரி நாறுது!"

அக்கா ஒரு வாளைக் கருவாட்டை எடுத்து மோந்து பார்த்தாள். "நல்லாத்தானே கீது நைனா" என்றாள். நான் மோந்தேன், குமட்டியது. அவளுக்கு மூக்கே செத்துப்போயிருந்தது. அன்றிலிருந்து சரக்கை மோந்து பார்த்து வாங்குவது என் வேலையானது.

சற்றுத் தள்ளி ஒரு மரத்தடிக்குப் போனோம். வருஷத்துக்கு வருஷம் லாரிகள் பெருகின; புகை மரத்தடிக்கும் வந்தது. அப்புறம் இருமல். பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல யாரும்மா பீடி பிடிக்கிறது?" என்று கேட்டார்.

"எங்கூட்ல பீடி புடிக்க ஆம்பளையே இல்ல சார்" என்றாள் அக்கா.

லாரிப் புகை விஷயம் தெரிந்ததும் அவர், அந்தப் பக்கமே போகாதே, ஊருக்குள் விற்றுக்கொள் என்றார்.

விற்றுப் பார்த்தாள். அனுப்பம்பட்டுப் பக்கம் தெருத்தெருவாகத் தலையில் கூடை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கூவ மூச்சில்லை. ஒரு வீட்டுக்காரி பின்னாலேயே ஓடிவந்து, "இன்னாக்கா, திருடி மாதிரி சத்தமில்லாம போற? நீ வந்ததே தெரியல" என்றாள். முக்கால் கூடை அப்படியே வீடு திரும்பியது.

மறுநாள் காலையில் அக்கா முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"நடந்து விக்க மூச்சு இல்லடி. உக்காந்து விக்கணும்னா செக்போஸ்ட்டுதான், அங்கதான் ஆளுங்க நின்னு வாங்குது."

"அந்த எடந்தானேக்கா உன் மூச்சையே புடுங்குச்சு?"

"தெரியுது. கூடையத் தூக்கு, பஸ்ஸு போயிடும்."