ஏழு மணிச் செய்தியில் பெண் பார்த்தது

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அப்புறம் எங்கள் தெருக்காரர்கள் ஒரு ஐம்பது பேர். இல்லாத ஆள் அக்கா மட்டும்தான்.

அவளைப் பக்கத்து டீச்சர் வீட்டில் சேலை கட்டிப் பூ வைத்து உட்கார்த்தி வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வேண்டிய எழுத்து வேலை எல்லாம் என் தலையில். மாப்பிள்ளை பால் சொசைட்டியில் வேலை பார்த்தார், மற்ற நாளில் வர முடியாது. காலண்டரைப் பார்த்தேன். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். 'ஆறு மணிக்கு மேல் வரவும்' என்று இன்லேண்டில் எழுதிப் போட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் டி.வி. இல்லை. ஞாயிறு சாயங்காலம் டி.வி. இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்பது தெரிந்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை, அப்பா பஜாரில் பாய் கடையிலிருந்து டி.வி.யை வாங்கி ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கினார். இருபது இஞ்ச் கறுப்பு வெள்ளை, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்தது. விலை மூவாயிரத்து முன்னூற்று ஐம்பது. அப்பா ஸ்பின்னிங் மில் தொழிலாளி, மாதம் எண்ணூற்று ஐம்பது வாங்கினார். மில் போனஸும் சொசைட்டிக் கடனும் அதில் போயின. அந்தக் காசுக்கு ஒரு பவுனுக்கு மேலேயே எடுத்திருக்கலாம் என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். பவுனைப் பீரோவில் வைத்துவிட்டால் வருகிறவன் கண்ணுக்குத் தெரியாது, இது கூடத்தில் உட்கார்ந்திருக்கும், பெண் வீட்டுக்கு ஒரு மதிப்பு என்பது அப்பாவின் கட்சி.

அப்படி அவர் தவித்ததற்குக் காரணம் உண்டு. அக்காவுக்கு இருபத்து நாலு முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் உயரம் குறைவு என்று ஆள் சொல்லி அனுப்பினார். இன்னொருவர் எழுதுகிறேன் என்று போனவர் எழுதவே இல்லை. இதுவும் தட்டிப்போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று அம்மா இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள்.

கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்தேன். கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தை முழுக்கப் படித்து, ஈரம் படக் கூடாதென்று வீட்டாருக்கு எடுத்துச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கண்ணாடி நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்த எல்லோருக்கும் நெஞ்சில் ஒரு பொட்டு இருந்தது.

டி.வி. வாங்கிய வீடு ஞாயிறன்று கதவைச் சாத்தக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். ஐந்து மணிக்கே வாசலில் செருப்புக் குவிந்துவிட்டது. ஆறு மணிக்கு அணைத்துவிடலாம் என்று அப்பா தைரியம் சொன்னார். ஆறு மணிக்குச் சண்டைக் காட்சி. அணைக்கப் போன என் கையை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் படியேறினார்கள். அப்பா வேர்த்து விறுவிறுத்து, "ஏலே, அணைடா" என்றார்.

"இருக்கட்டும் இருக்கட்டும், அணைக்காதீய" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கண்ணை டி.வி.யிலிருந்து எடுக்காமலே. "ஆரம்பிச்சு எம்புட்டு நேரமாச்சு?"

பாயில் முன்வரிசையைக் காலிபண்ணிக் கொடுத்தோம். உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தவர்கள்தான். பக்கத்திலிருந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தியிடம் மாப்பிள்ளையின் அம்மா முன்கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். யார் வீட்டுக்கு எதற்கு வந்தோம் என்பது அவருக்கு நினைவிருந்த மாதிரியே தெரியவில்லை. கொல்லை வழியாக ஒருதரம் அக்காவைக் காப்பித் தட்டோடு கூட்டிவந்தோம். கூடத்து நிலை வரைதான் வர முடிந்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஏட்டி, மறைக்காத, குனி" என்றது. அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். படம் முடிந்ததும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள், இதுவும் போச்சு என்று நான் நினைத்தேன்.

ஏழு மணிக்குப் படத்தை நிறுத்திச் செய்தி போட்டார்கள். அது பத்து நிமிஷம் வரும். கூட்டம் மொத்தமும் எழுந்து வெளியே போயிற்று. தண்ணி குடிக்க ஒருவர், பீடி பற்றவைக்க ஒருவர். ஒரே நிமிஷத்தில் கூடம் காலி. மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேரும், நாங்களும், செய்தி வாசிப்பவரும் மட்டும்.

நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அவள் நெற்றியில் வேர்வை. விழுந்து கும்பிட்டு, ஆறிப்போன காப்பியை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா ஊர் வழக்கப்படி நிதானமாகத் தொடங்கினார். எத்தனாவது படித்தாய், சமையல் தெரியுமா, தையல் தெரியுமா. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒரு வாய் காப்பி. வாசலில் ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை தலையைக் குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"அத்தை, செய்தி இன்னும் அஞ்சு நிமிசந்தான். கேக்க வேண்டியத வெரசாக் கேட்டுருங்க. பொறவு நான் உள்ள வர முடியாது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் இப்படிப் பேசினால் அதோடு சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மகனைப் பார்த்தார். மகன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்கு இந்த வாய்தான் வேணும். இவிய அப்பாவுக்கு ஒரு சோலிய அஞ்சு நாள் சொல்லணும்" என்றார் அந்த அம்மா, மகனைக் காட்டி. "மதினி, எங்களுக்குப் புடிச்சிருக்கு. மத்ததப் படம் முடிஞ்சு பேசுவோம்."

படம் முடிந்து பேசினார்கள். நகை உங்கள் இஷ்டம் என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு டி.வி.யைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை, இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் ஒருதரம் அதைப் பார்த்துவிட்டு, சீரோடு இதையே கொடுத்துவிடுகிறோம் என்றார். இன்றைக்கு யாராவது அப்படிப் பார்த்தால் வரதட்சணை என்று நான் சண்டைக்குப் போவேன். அன்று எங்களுக்கு வந்தது நிம்மதிதான். அம்மா அன்று ராத்திரி மூன்று தோசை தின்றாள்.

தை மாதம் கல்யாணம். மறுநாளே டி.வி. ஆன்டெனாக் குழாயோடு வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிற்று. வழியனுப்ப வந்த தெருக்காரர்களில் பாதிப்பேர் அக்கா கல்யாணத்தன்று இவ்வளவு வருத்தப்படவில்லை. அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் மகளைப் பார்க்கிற சாக்கில் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறினார்கள். ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து எங்கள் தெருவில் வேறொருவர் டி.வி. வாங்கியதும் மகள் பாசம் மாதம் ஒருதரம் என்று ஆயிற்று.

அந்த டி.வி. என்ன விலை என்று யாராவது கேட்டால் அப்பா இப்போதும் மூவாயிரத்து முன்னூற்று ஐம்பது என்றுதான் சொல்கிறார். ஆன்டெனா, குழாய், பூஸ்டர் எல்லாமாக நானூற்று இருபது. வேன் வாடகை அறுபது. இரண்டு பேர் போக வர பஸ்ஸுக்கு வாரம் ஆறு ரூபாய், இரண்டு வருஷத்தில் நூறு ஞாயிறு என்று வைத்தாலும் அறுநூறு. கூட்டினால் நாலாயிரத்து நானூற்று முப்பது, அப்பாவின் ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேலே. பத்து வருஷம் ஓடிவிட்டது. அதே மில்லில் அதே வேலைக்கு இப்போது இரண்டாயிரத்து ஐநூறு கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில், எங்கள் வீட்டுக்கு வந்த நாலே நாளில், ஒரே ஞாயிற்றில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்த அந்தக் கறுப்பு வெள்ளை டி.வி.க்கு இன்றைய பணத்தில் எங்களுக்கு ஆன செலவு பதின்மூவாயிரம் ரூபாய்.