என் உபவாசம் என் மகனைக் காப்பாற்றவில்லை

கர்த்தருடைய பிள்ளைகளே, நான் வாழவந்தி ஊர் எஸ்தர். போன கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாவது வாரம் என் மகன் டேனியல் சாகக் கிடந்தான். இன்றைக்கு எழுந்து நடமாடுகிறான். இது உங்களுக்குத் தெரியும். "எஸ்தர் அக்கா மூணு நாள் பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணையும் தொடாம உபவாசம் இருந்து மகன மீட்டாங்க" என்று ஒரு கதை மலை முழுக்க உலவுகிறது. அந்தக் கதை பொய். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. சொல்கிறவர்கள் மேல் பாதிக் கோபம், மூன்று வாரம் அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த என் மேல் மீதிக் கோபம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவள் நான். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிற பெண்கள், லாட்ஜில் அறை கூட்டுகிற பெண்கள், இருபது பேர் வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ஜெபம் தொடங்கும் முன் ஒவ்வொருத்தியும் எத்தனை வேளை சாப்பிடவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு வேளை விட்டவர்களுக்கு முன் வரிசைப் பாய். ஒரு வேளை விட்டவர்களுக்கு நடுப்பாய். டீ குடித்துவிட்டு வந்தவர்கள் கதவோரம் உட்கார வேண்டும், அவர்கள் வியாதியஸ்தர் தலையில் கை வைத்து ஜெபிக்கக் கூடாது. இதை எந்த பாஸ்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே உண்டாக்கினேன். ஒருவரும் தடுக்கவும் இல்லை. அதே பாயில் உட்கார்ந்துகொண்டு, தேவனுடைய நீதி கூலி அல்ல, இலவசமாய்க் கிடைக்கிற ஈவு என்று அவர்களுக்குப் பாடமும் எடுத்தேன். வாய் ஒன்று சொன்னது, பாய் வேறொன்று சொன்னது.

விமலா என் கூடப் பிறந்த தங்கை. அவளைக் கட்டியவன் தினமும் அடித்தான். நாலு வருடத்துக்கு முன்னால் அவனை விட்டு வந்தாள். பிறகு ஒண்டிக்கடை என்கிற இடத்தில் ஒரு ஓட்டலில் சமையல் செய்யும் ஒருவரோடு குடித்தனம் வைத்துவிட்டாள். கல்யாணம் இல்லை. அவர் நம்முடைய விசுவாசமும் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபத்துக்கு வந்தாள். இருபது பேர் பார்க்க எழுந்து நின்று, "கதவோரம் உட்காரக்கூட உனக்குத் தகுதி இல்ல, ஊட்டுப் பக்கமும் வராத" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு என் ஜெபம் நொம்ப வல்லமையாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. டேனியல் ரிசார்ட் வேலைக்கு பைக்கில் போனான். பனி மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. செம்மநத்தம் ரோட்டு வளைவில் காட்டெருமை குறுக்கே நின்றிருக்கிறது. பைக் அதன் மேல் மோத, அது திரும்பி ஒரே முட்டு. பால் வண்டிக்காரர்தான் அவனைப் பார்த்துத் தூக்கினார். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விலா எலும்பு நாலு உடைந்திருந்தது, ஈரலும் கிழிந்திருந்தது. அன்றே ஆபரேஷன் செய்தார்கள். அவன் கண் திறக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் முழங்கால் போட்டேன். "என் மகன் கண்ணைத் திறக்கிற வரைக்கும் ஒரு பருக்கை தொடமாட்டேன்" என்று பொருத்தனை செய்தேன். அந்த ஜெபத்தில் நான் என்ன பேசினேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. பதினோரு வருடம் வெள்ளிக்கிழமை தவறவில்லையே ஆண்டவரே என்றேன். உமக்காகக் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வைத்தேனே என்றேன். எத்தனை பேர் தலையில் இந்தக் கையை வைத்து அவர்கள் சுகமானார்கள் என்றேன். மகனைப் பற்றிப் பேசியது கடைசியில் ஒரு வரி. மிச்சமெல்லாம் என்னைப் பற்றித்தான்.

புதன் போனது. வியாழன் போனது. தண்ணீர் மட்டும் குடித்தேன். வெள்ளிக்கிழமை காலை அவனுக்கு வயிற்றுக்குள் மறுபடி ரத்தம் கசியத் தொடங்கியது. டாக்டர் வந்து, சாயங்காலத்துக்குள் திரும்பவும் திறக்க வேண்டும் என்றார். அவனுக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத ரத்தம். இரண்டு பாட்டில் வேண்டும், கைவசம் ஒன்றுதான் இருக்கிறது, ஊரெல்லாம் கேட்டாகிவிட்டது, வீட்டு ஆட்களில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அதே ரத்தம். ஆண்டவர் என்னைத்தான் தெரிந்தெடுத்தார் என்று நிமிர்ந்து நடந்தேன். பிரசங்கத்துக்குப் போகிறவள் மாதிரி ரத்த வங்கிக்குப் போனேன்.

அங்கே இருந்த நர்ஸ் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"காலைல என்னம்மா சாப்பிட்டீங்க?"

"நான் உபவாசம். செவ்வாக்கிழமைல இருந்து."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சாப்பிடாதவங்ககிட்ட எடுக்க மாட்டோம்மா. போய் நல்லா சாப்பிட்டுட்டு, கொஞ்சம் உக்காந்துட்டு வாங்க. டைம் இருக்குது, வந்தா பாக்கலாம்."

இப்போது சொல்லப் போவதைத்தான் மூன்று வாரம் மறைத்தேன். நான் சாப்பிட மாட்டேன் என்றேன். என் மகனுக்கு ரத்தம் வேண்டும், அது என் உடம்பில் இருக்கிறது, நடுவில் இருப்பது இரண்டு இட்லி. நான் முடியாது என்றேன். பொருத்தனை என்றேன். கர்த்தருக்கு முன்னால் சொன்ன வார்த்தை என்றேன். என் புருஷன் சாமுவேல் அந்த வராந்தாவில் எல்லார் முன்னாலும் என் காலைப் பிடித்தார். "எஸ்தரு, சாமி, ஒரு வாய் தின்னு. பையன் போயிருவான்" என்றார். என் உபவாசத்தைக் கெடுக்க சாத்தான் புருஷன் வாய் வழியாகப் பேசுகிறான் என்று சொன்னேன். ஆமாம், அப்படியே சொன்னேன். அவர் காலை விட்டுவிட்டு எழுந்து போனார். இதையும் உங்கள் கதையில் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரை மணி நேரம் நின்றேன். பிறகு ஐசியூ வாசலுக்கு வந்தேன், கண்ணாடி வழியாக டேனியல் முகம் தெரிந்தது. மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. அப்போதுதான் என் பிடிவாதம் விட்டது. கேன்டீனுக்கு ஓடி இட்லி வாங்கி வாயில் திணித்தேன். மூன்று நாள் காய்ந்த வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கேயே வாந்தி எடுத்தேன். மறுபடி திணித்தேன், மறுபடி வந்தது. எழுந்தபோது கண் இருட்டியது. விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது கட்டிலில் இருந்தேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என் மகனுக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய கையில் எனக்கு மருந்து ஏறுகிறது. மகனைக் கவனிக்க வேண்டிய ஒரு நர்ஸ் என்னைக் கவனிக்கிறாள். என் நீதி எனக்குச் செய்த நன்மை இவ்வளவுதான்.

அங்கே படுத்துக்கொண்டு ஆண்டவரோடு சண்டை போட்டேன். சத்தமாகவே போட்டேன், பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷம் உனக்கு ஊழியம் செஞ்சதுக்கு இதுவா?" என்று கேட்டேன். திரும்பவும் என் கணக்கைச் சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றும் வரவில்லை. தோடு வந்தது, வெள்ளிக்கிழமை வந்தது, பாய் வந்தது, எல்லாமே குப்பையாக வந்தது. இட்லிக்கும் மகனுக்கும் நடுவில் நின்று என் பேரைக் காப்பாற்றிக்கொண்டவள் நான். அதற்குப் பிறகு எதைக் காட்டிக் கேட்பது? "அப்பா, என்கிட்ட ஒண்ணுமில்ல. நான் நல்லவ இல்ல. உன் மகன் முகத்தைப் பாத்து என் மகனைக் குடு" என்றேன். என் வாழ்நாளிலேயே சின்ன ஜெபம் அது. வேறு எதையும் சேர்க்கத் தெம்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திரை விலகியது. விமலா நின்றாள். புடவையெல்லாம் கசங்கி, தலை கலைந்து, முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. வராந்தாவிலிருந்து எழுந்து போன சாமுவேல் நேராக அவளுக்குத்தான் போன் போட்டிருக்கிறார். உடன்பிறந்தவள், ரத்தம் ஒத்துப்போகலாம், சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லியிருக்கிறார். கொண்டை ஊசி வளைவென்றாலே குமட்டல் எடுத்து மலையை விட்டு இறங்காதவள், கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி முட்டை புரோட்டா தின்றுவிட்டு வந்திருக்கிறாள். அவள் கையில் சால்னா வாசனை அடித்தது.

"குடுத்துட்டனுங்க்கா. டெஸ்டெல்லாம் நல்லா இருக்குதாம். பையன ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க" என்றாள்.

நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினேன். ஆண்டவரே, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் கத்தினேன். முன்பாயில் உட்காருகிற எத்தனை பேர் இருக்கிறார்கள், கதவோரம்கூட ஆகாது என்று நான் துரத்தியவளைத்தானா அனுப்ப வேண்டும்? என் ஜெபம் கேட்கப்பட்டது. கேட்கப்பட்ட விதம் என் கன்னத்தில் அறைந்தது.

விமலா கட்டிலோரம் உட்கார்ந்தாள். "ஏனுங்க்கா, பையனுக்கு ஜெபம் பண்ணட்டுமா? நீங்க வேண்டாம்னா மனசுக்குள்ள பண்ணிக்கறேன்" என்று கேட்டாள். என் தங்கை ஆண்டவரிடம் பேச என்னிடம் அனுமதி கேட்டாள். அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். "பண்ணு கண்ணு, சத்தமாப் பண்ணு" என்றேன். அவளுக்கு ஜெபிக்கவே தெரியவில்லை. "சாமி ஆண்டவரே, புள்ளையக் காப்பாத்துங்க, அக்காளுக்கும் ஒடம்பு சரியாகோணும்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நான் ஆமென் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்து கசிவு நின்றுவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை டேனியல் கண் திறந்தான்.

இத்தோடு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அவன் வீட்டுக்கு வந்ததும் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு, சகோதரியின் உபவாசத்தைக் கர்த்தர் கண்டார் என்றார். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். தாழ்மை என்று எல்லாரும் நினைத்தார்கள். திருட்டு அது. மூன்று ஞாயிறு அந்தப் புகழ்ச்சியைத் தின்றேன். கடைசியில் டேனியல்தான் கேட்டான். "ஏம்மா, சித்தி பேரச் சொன்னா உனக்கு வாய் வெந்திருமா?" படுக்கையிலிருந்து பெற்றவளைப் பார்த்துக் கேட்டான். கேட்க வேண்டியதைத்தான் கேட்டான்.

அன்றைக்கே ஒண்டிக்கடைக்குப் போனேன். விமலா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. எப்படியோ சொன்னேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்கக்கா, அவரு மட்டன் கொழம்பு வெச்சிருக்காரு" என்றாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு சபையில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். பாய் வரிசையை எடுத்துவிட்டேன். முன்பாய்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் கோபித்துக்கொண்டு இப்போது வருவதில்லை. உபவாசத்தைக் கேவலப்படுத்திவிட்டேனாம். உபவாசம் இருங்கள், நானும் இருக்கிறேன். ஆனால் அதைக் காட்டிப் பரலோகத்தில் எதையும் கேட்காதீர்கள். அங்கே அது செல்லாது. நமக்காக ஒருவர் நீதியாய் வாழ்ந்து, அந்த நீதியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். சும்மா கிடைத்ததை வாங்கிக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு கேவலமாக இருக்கிறது?

விமலா திருந்திவிட்டாளா என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். எஸ்தர் திருந்திவிட்டாளா என்று ஒருவரும் கேட்பதில்லை. வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்ற நினைப்பு நம்மை விட்டு அவ்வளவு லேசில் போவதில்லை.

ஆகவே இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் நல்லவனாகிவிட்டு ஆண்டவரிடம் போகலாம் என்று யாராவது வெளியே நின்றுகொண்டிருந்தால், நிற்காதீர்கள். உள்ளே இருந்துகொண்டு, நான் மற்றவளைப் போல இல்லை என்று நினைத்தால், நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள். என்னைப் பார்த்து வராதீர்கள். என்னைப் பார்த்தால் ஐம்பத்திரண்டு வயதுக் கோபக்காரி ஒருத்திதான் தெரிவாள். அந்தக் கோபக்காரியையும் கூசாமல் நீதியுள்ளவள் என்று கூப்பிடுகிறாரே, அவரை நம்பி வாருங்கள்.